பட்டத்துச் சேணம்

முள்ளிக்கோட்டை என்று ஒரு பாளையம். மலையடிவாரத்தில் கோட்டை, கோட்டைக்குள் அரண்மனை, அரண்மனைக்குள் ஆயுத மண்டபம். அங்கே வாளும் வேலும் இருந்ததில் அதிசயம் இல்லை. நடுவில், பட்டு விரித்த மேடையில், பூ வைத்து ஒரு குதிரைச் சேணம் இருந்தது. ஊர் கும்பிட்டது வாளை அல்ல, அந்தச் சேணத்தைத்தான்.

இப்போதைய ராஜா செண்பகராயர். அவருடைய தாத்தா அந்தச் சேணத்தில் உட்கார்ந்துதான் ஒரு பெரும் போரை ஜெயித்துவிட்டு வந்தார். அன்று முதல் அது பட்டத்துச் சேணம். விஜயதசமியன்று ராஜா பாரிவேட்டைக்குப் புறப்பட்டு, ஊர் எல்லையில் அம்பு விட்டுத் திரும்புவார். அந்தப் பயணம் அந்தச் சேணத்தில்தான் நடக்கவேண்டும். அதில் உளி படக்கூடாது, ஊசி படக்கூடாது. குதிரைகள் வரும், போகும். சேணம் மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சேணம் ஏறிய குதிரைக்குக் கொஞ்ச காலத்தில் தோளுக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு மயிர் வெளுத்துவிடும். கறுப்புக் குதிரையோ செங்குதிரையோ, அந்த இரண்டு இடம் மட்டும் பால்வெள்ளை. இரட்டைச் சங்கு என்பார்கள். அம்பாள் அந்தக் குதிரையை ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு அதுதான் முத்திரை. சங்கு விழுந்த குதிரைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, தெருவே கைகூப்பி நிற்கும்.

சங்கு விழும் முன்னே ராஜாவைத் தள்ளிவிட்ட குதிரை என்றால், அது அம்பாள் வேண்டாம் என்று சொன்ன குதிரை. அதை எல்லைக்கல்லுக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பும்போது கடிவாளம் மட்டும் வரும்.

லாயத்துக்கு அதிகாரி வீரணன். தலை முழுக்க நரைத்தவர். அந்தக் கடிவாளங்களை வாங்கி லாயத்துச் சுவரில் மாட்டுவது அவர் வேலை. மாட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடமாட்டார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த வருஷம் பட்டத்துக்கு வந்தது சாம்பி. சாம்பல் நிறப் பெட்டை, கட்டில் மாதிரி பரந்த முதுகு. தாய் வயிற்றிலிருந்து வீரணன் கையில்தான் விழுந்தது. அதன் முதல் மூச்சே அவர் உள்ளங்கையில்தான்.

வெள்ளோட்டத்தன்று ராயர் பட்டத்துச் சேணத்தில் ஏறினார். சாம்பி பொறுத்துப் பார்த்தது. முற்றத்தை ஒரு சுற்று வந்தது. பிறகு முதுகை வில்லாக வளைத்து ஒரு உதறு உதறியது. ராயர் துளசி மாடத்துப் பக்கம் போய் விழுந்தார்.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "தசமியன்று மறுபடி ஏறுவேன். அன்றும் தள்ளினால், எல்லைக்கல்."

வீரணன் சாம்பியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுமணலுக்கு நடந்தார். அங்கே ராவுத்தர்கள் கூடாரம் போட்டுக் குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ராபியத்து என்று ஒருத்தி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எந்த முரட்டுக் குதிரையையும் சுமக்க வைத்துவிடுவாள் என்று பேர். தாடி வெளுத்த வியாபாரிகளே அவளை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீரணனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"தாயி, இந்தக் குதிரை அடங்கமாட்டேங்குது. அடக்கறதுக்கு ஒரு வழி சொல்லணும்."

ராபியத்து தோல்வாருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கு அடங்கணும்?"

"ராஜாவுக்கு."

"உங்களுக்கு அடங்குதா?"

"நான் ஏறினா பசுமாடு மாதிரிப் போகும்."

"நீங்க ஏறும்போது எந்தச் சேணம்?"

"எனக்கெதுக்குச் சேணம்? ஒரு சாக்கை மடிச்சுப் போட்டுக்குவேன்."

அவள் எழுந்து வந்து சாம்பியின் முதுகை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். இடுப்பில் கை போனபோது சாம்பி சும்மா நின்றது. தோளுக்குப் பின்னால் கை வந்ததும் தோல் சிலிர்த்தது, காது பின்னால் மடிந்தது.

"சேணத்தைக் கொண்டு வாங்க, பெரியவரே."

"எந்தச் சேணத்தை?"

"ராஜா விழுந்தாரே, அந்தச் சேணத்தை."

"அது பூசையில இருக்கிற பொருள். நான் குதிரையைப் பத்திக் கேக்க வந்தேன்."

"நானும் குதிரையைப் பத்தித்தான் பேசறேன்."

"தாயி, நான் லாயத்திலேயே நரைச்சவன். வித்தை இருந்தாச் சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு, நான் போறேன்."

"வித்தை இருக்கு. சேணம் வந்தாச் சொல்றேன்."

வீரணன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். என் மகள் வயசுப் பிள்ளை. எனக்கு உத்தரவு போடுது. சாம்பி அவர் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு அவர் பேச்சு நின்றது.

தசமிக்கு முன்னால் சேணத்துக்கு எண்ணெய் போட வெளியே எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மறுநாள் காலை அதைப் பட்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஆற்றுமணலுக்கு வந்தார். சாம்பி அவர் பின்னாலேயே வந்தது.

ராபியத்து சேணத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். முதுகின் இரு பக்கமும் படிகிற இரண்டு பலகைகள். அவற்றை முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்கிற மர வளைவுகள். முன் வளைவில் நான்கு விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"துண்டை எடுத்துட்டுக் குனிங்க."

"எதுக்கு?"

"வித்தை கேட்டீங்களே."

"நான் குதிரை இல்லை, தாயி."

"தெரியும். குதிரையா இருந்தா ஏன்னு கேக்காது."

அவர் முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் துண்டு மணலில் விழுந்தது. கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். அவள் சேணத்தை அவர் வெறும் முதுகில் வைத்து, வாரை வயிற்றைச் சுற்றி இறுக்கினாள். மேலே ஒரு மூட்டை கொள்ளைத் தூக்கி வைத்தாள்.

"கூடாரத்தைச் சுத்தி வாங்க."

வீரணன் நடந்தார். வியாபாரிகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஆசானே, புதுக் குதிரை என்ன விலை?" என்றான் ஒருவன்.

"பல்லைப் பார்த்தேன். வயசாயிடுச்சு. யாரும் வாங்கமாட்டாங்க."

வீரணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று முடித்தார்.

"எங்க வலிக்குது?"

"எங்கேயும் இல்லை."

"அப்ப இன்னொரு சுத்து."

இரண்டாவது சுற்றில் அவர் காது சிவந்தது. மூச்சு புஸ் புஸ் என்று வந்தது.

"இப்ப?"

"இல்லைன்னு சொன்னேனே."

"நடங்க."

மூன்றாவது சுற்றில் பாதி தூரம் போயிருப்பார். அவர் நினைத்துச் செய்யவில்லை. முதுகு தானாக வளைந்தது, தோள் தானாக உதறியது. மூட்டை பறந்துபோய் மணலில் விழுந்து வாய் திறந்து, கொள்ளு சிதறியது.

ராபியத்து மூட்டையைப் பார்த்தாள்.

"மகாராஜா விழுந்துட்டார்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வீரணன் வாரை அவிழ்த்துச் சேணத்தை இறக்கி வைத்தார். மணலில் உட்கார்ந்தார்.

"மூட்டை கனமில்லை," என்றார் பிறகு. "இதைப்போல ரெண்டு மூட்டையைத் தலையில வெச்சுட்டு மலை ஏறியிருக்கேன். கனம் இல்லை. இருக்கிற கனமெல்லாம் ரெண்டே இடத்துல வந்து நிக்குது. ரெண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்தறாப்பல."

"சாம்பியைக் கொண்டு வாங்க."

ஒரு கிண்ணத்தில் காவியைக் குழைத்துச் சேணத்தின் அடிப்பக்கம் முழுவதும் பூசினாள். வீரணன் கையை நீட்டினார். ஆனால் தடுக்கவில்லை. சேணத்தைச் சாம்பியின் முதுகில் வைத்து, மூட்டையைக் கட்டி ஏற்றி, உடனே இறக்கினாள். சேணத்தைத் தூக்கிவிட்டு விலகி நின்றாள்.

அவ்வளவு பெரிய சேணம். சாம்பியின் முதுகில் காவி பட்டிருந்தது இரண்டே இடத்தில். தோளுக்குப் பின்னால், வலது பக்கம் ஓர் உள்ளங்கை, இடது பக்கம் ஓர் உள்ளங்கை. மற்ற இடமெல்லாம் துடைத்த மாதிரி சாம்பல் நிறம்.

அந்த இரண்டு இடத்தையும் வீரணனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ குதிரைகளில் அந்த இடத்துக்கு மஞ்சள் பூசிய கை அது.

"அது அம்பாள் கொடுக்கிறது," என்றார்.

ராபியத்து கூடாரத்தின் பின்பக்கம் போனாள். எலும்பு தெரிகிற ஒரு பழுப்புக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதன் மேல் கிடந்த கோணியை எடுத்தாள்.

தோளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், பால்வெள்ளை.

"இது எந்த ராஜாவோட குதிரை?" என்றார் வீரணன்.

"உப்பு சுமக்கிற குதிரை. சேணம் அழுத்தின இடம் வெளுத்திருக்கு."

உப்புக் குதிரை அவர் கையை முகர்ந்து பார்த்தது. தின்ன எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் இன்னொரு சேணத்தை எடுத்து வந்தாள். முன் வளைவு அகலம், பூ வேலை ஒன்றும் இல்லாதது. பலகைக்கு அடியில் இருந்த திண்டைப் பிரித்து, ஓரிடத்தில் கம்பளி எடுத்து ஓரிடத்தில் கம்பளி வைத்து, சாம்பியின் முதுகில் வைத்தும் எடுத்தும் நிழல் நகர்கிற வரைக்கும் பார்த்தாள். பிறகு அதற்கும் காவி பூசி ஏற்றி இறக்கினாள். இந்தத் தடவை முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விலா நெடுக இரண்டு வாழையிலை விரித்த மாதிரிக் காவி படர்ந்திருந்தது. நடுவில் தண்டு மட்டும் சுத்தமாக இருந்தது. சாம்பி புல் மென்றுகொண்டிருந்தது.

"அப்ப பட்டத்துச் சேணத்துல குத்தமா?"

"குத்தமில்லை. எந்தக் குதிரைக்குச் செஞ்சாங்களோ, அது ஒடுக்கமான குதிரை. அதுக்கு அச்சா பொருந்தியிருக்கும். அதனாலதான் அவ்வளவு தூரம் போய் ஜெயிச்சிருக்கு. அப்புறம் அந்தக் குதிரை செத்துப்போச்சு. சேணத்துக்கு யாரும் சொல்லலை."

"அடியில நல்லாக் கனமா சும்மாடு மாதிரி ஒண்ணு வெச்சா?"

"சின்னச் செருப்புக்குள்ள துணியைத் திணிச்சா கால் வலி குறையுமா?"

வீரணன் தலையைச் சொறிந்தார். "மரத்தைக் கொஞ்சம் செதுக்கலாம்னா, உளி படக்கூடாது. இதை ராஜாகிட்ட யார் சொல்றது?"

"வலிக்கிறவங்கதான் சொல்லணும்."

"குதிரைக்கு வாய் இல்லையே, தாயி."

ராபியத்து சிதறிக் கிடந்த கொள்ளை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சேணத்தைத் துடைச்சு எடுத்துட்டுப் போங்க. காவி ஒட்டியிருக்கு," என்றாள்.

விஜயதசமி வந்தது. கோட்டை வாசலில் ஊரே நின்றது. மேளம் முழங்கியது. ராயர் பட்டுத் தலைப்பாகையோடு வெளியே வந்தார்.

வாசலில் சாம்பி நின்றது. அதன் முதுகில், ராபியத்து கொடுத்தனுப்பிய, பூ வேலை இல்லாத சேணம். அதற்குப் பக்கத்தில் வீரணன் நின்றார். மேலே துணி இல்லை. வெறும் முதுகில் பட்டத்துச் சேணம், வயிற்றைச் சுற்றி வார், இரண்டு பக்கமும் கால் வைக்கிற வெள்ளி அங்கவடிகள் தொங்கின.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

"வீரணா," என்றார் ராயர். "இது என்ன கூத்து?"

"கூத்து இல்லை, மகாராஜா. பட்டத்துச் சேணம் தயார். ஏறலாம்."

"குதிரை எங்கே?"

"இன்னிக்கு நான்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூசாரி கையில் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "வழக்கம் கெட்டுப்போகும் வீரணா. தள்ளி நில்லு."

"வழக்கம் ஒண்ணும் கெடலை சாமி. ராஜா பட்டத்துச் சேணத்துல ஏறணும். ஏறட்டும். சேணத்துக்கு அடியில யார் நிக்கணும்னு எந்த வழக்கத்துல சொல்லியிருக்கு?"

பூசாரி ராயரைப் பார்த்தார். ராயர் வீரணனைப் பார்த்தார்.

"நீ நிற்கும் இடத்தை விட்டு நகர்," என்றார் ராயர். "அந்தச் சேணத்தைச் சாம்பிக்கு மாற்று."

"மாத்தமாட்டேன், மகாராஜா."

"என் உத்தரவு."

"கேட்டுது. மாத்தமாட்டேன்."

வேல்காரர்கள் இரண்டு பேர் ஓரடி முன்னால் வந்தார்கள். ராயர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நான் ஏறினால் உன் முதுகு முறியும்."

"முறியாது. வலிக்கும். எங்க வலிக்குதுன்னு சொல்றேன். அதுக்குத்தான் நிக்கறேன். குதிரையைக் கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. என்மேல ஏறிட்டு என்னைக் கேளுங்க."

வீரணன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார்.

ஏறமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ராயர் அங்கவடியை ஒரு கையால் பிடித்தார். காலைத் தூக்கிப் போட்டுப் பட்டத்துச் சேணத்தில் உட்கார்ந்தார். முழுப் பாரத்தோடு உட்கார்ந்தார்.

வீரணனின் முழங்கைகள் நடுங்கின. விரல்கள் மண்ணைப் பிறாண்டின. ஆனால் குரல் நடுங்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்:

"தோளுக்குப் பின்னால, வலது பக்கம் உள்ளங்கை அகலம். இடது பக்கம் உள்ளங்கை அகலம். நடுவில ஒண்ணுமில்லை. இடுப்புப் பக்கம் ஒண்ணுமில்லை. மகாராஜா முழுசும் அந்த ரெண்டு இடத்துலதான் உக்காந்திருக்கீங்க."

சாம்பி அவர் பக்கமாகக் கழுத்தை நீட்டி, அவர் தலைமயிரை மோந்து பார்த்தது.

ராயர் இறங்கினார். குனிந்து தன் கையாலேயே வாரை அவிழ்த்துச் சேணத்தை எடுத்தார். வீரணனின் முதுகில் இரண்டு பக்கமும் தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை பழக்கத்தில் கைகூப்பிவிட்டாள். பிறகு, என்ன கும்பிடுகிறோம் என்று உறைத்ததும், கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

ராயர் நெடுநேரம் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றார். பிறகு சாம்பியின் பக்கம் திரும்பினார்.

"இது யாருடைய சேணம்?"

"சாம்பியோட சேணம், மகாராஜா."

ராயர் ஏறினார். கூட்டம் மூச்சை அடக்கியது. சாம்பி வால் முடியால் ஒரு ஈயை விரட்டியது. அவ்வளவுதான். மேளக்காரன் ஒருவன் பயந்து பயந்து ஓர் அடி போட்டான். சாம்பி நடக்க ஆரம்பித்தது.

நாலு எட்டு போனதும் ராயர் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"ஊரறிய என் உத்தரவை மறுத்தாய். மன்னிப்புக் கேள். லாயம் உனக்கே இருக்கட்டும். கேட்காவிட்டால் இன்றோடு கோட்டைக்குள் உன் கால் படக்கூடாது."

வீரணன் துண்டை உதறி முதுகில் போட்டுக்கொண்டார். பட்ட இடத்தில் தீயாக எரிந்தது. சாம்பியின் பின்னங்காலை, அதன் நடையை ஒரு தடவை பார்த்தார். நொண்டல் இல்லை, தயக்கம் இல்லை. பிறகு கோட்டை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்.

ஆற்றுமணலுக்கு அவர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. ராபியத்து ஒரு கட்டையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"குதிரைக்குப் போடற மருந்துதான் இருக்கு."

"அதையே போடு. காலையில நான் அதுதானே."

வேப்பெண்ணெயும் மஞ்சளும் முதுகில் இறங்கியபோது அவர் பல்லைக் கடித்தார். தூரத்தில், எல்லைப் பக்கமிருந்து, ராஜா அம்பு விட்டதற்கு அடையாளமாக வேட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேளம் கோட்டைக்குத் திரும்புகிற தாளத்துக்கு மாறியது. தள்ளவில்லை. சாம்பி தள்ளவில்லை.

"ஆசானே," என்றார் வீரணன்.

அவள் கை ஒரு கணம் நின்றது.

"முதல் நாளே உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் நீங்க பதிலே சொல்லலை. அடங்காத குதிரையை எப்படி அடக்கறது?"

"ராஜா மன்னிப்புக் கேக்கச் சொன்னாராமே?"

"ஆமா."

"கேட்டிருந்தா லாயம் உங்களுக்குத்தானாமே?"

"ஆமா."

ராபியத்து மருந்துக் கிண்ணத்தை மூடி வைத்தாள். கையை மணலில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, பெரியவரே. உங்களை எப்படி அடக்கறது?"